பெட்டி எழவில்லை என்றால் முதலில் ஆளைத் தேடாதீர்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தண்ணீர்த் தொட்டி மோட்டார் பெட்டி பழுதானது குறித்து உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



"பெட்டி ஏன் நின்னுச்சு, எப்படித் திரும்ப ஓடுச்சுன்னு ஒரு பத்து நிமிஷம் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். சொல்கிறேன். ஆனால் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டால் அது பாதிக் கணக்குதான். மீதிப் பாதி நம்மைப் பற்றியது. அதையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு காற்றும் மழையுமாக இருந்தது. கரண்ட் மூன்று தடவை போய் வந்தது. புதன்கிழமை காலை எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை. மேல்தொட்டி காலி. மோட்டார் அறையில் இருக்கும் பெட்டி எழவில்லை. ஏழு மணிக்கு நம் மோட்டார் அண்ணன் வந்து, கையால் போடும் ஸ்விட்சைப் போட்டுத் தண்ணீர் ஏற்றினார். எட்டரைக்குத் தண்ணீர் வந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெட்டியை வைத்தபோது, அண்ணனுக்குக் காலை மாலை இரு வேளை வேலை இல்லாமல் போனது. வாரம் ஒருநாள் சுத்தம் செய்வது மட்டும் என்று ஆக்கினோம். சம்பளத்தையும் அதற்கேற்பக் குறைத்தோம். அதனால் பெட்டி நின்ற அன்றே ஒருவர் சொன்னார்: "பெட்டி போனா யாருக்கு லாபம்னு பாருங்க." அடுத்தவர் சொன்னார்: "வயரைப் புடுங்கிட்டு, தானே வந்து மோட்டார் போட்டு நல்ல பேரும் வாங்கிக்கிட்டாரு." அன்று மாலை வாசலில் நின்று பேசிய எட்டுப் பேரில் நானும் ஒருவன். நான் எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, வெளியூர்களில் இருபத்தெட்டு வருஷம் மெஷின் ரிப்பேர் பார்த்தவன் நான். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை, கடையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார், புதுசா வேற சிஸ்டம்தான் போடணும்" என்று சொல்லி 38 ஆயிரத்துக்கு ஒரு மதிப்பீடு கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. போர்டு போனது என்று எதை வைத்துச் சொல்கிறார்? அண்ணன் வயரைப் பிடுங்கினார் என்று நாம் எதை வைத்துச் சொன்னோம்? இரண்டுமே ஊகம். இரண்டு பேருமே பெட்டியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முதலில் அந்தப் பெட்டி என்னவென்று சொல்கிறேன். நம் நகரில் வளர்ந்து, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி கல்லூரியில் படிக்கும்போது செய்து கொடுத்தது. உள்ளே இருப்பது 'ராஸ்பெர்ரி பை 3' என்ற சின்னக் கம்ப்யூட்டர். ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கும். பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தில் உருவாக்கி, 2012 பிப்ரவரி 29 அன்று முதன்முதலாக விற்பனைக்கு வந்த வரிசை அது. இன்று உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளிலும் ஓடுகிறது. அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. நம் போனில் போடுகிற மாதிரி ஒரு மெமரி கார்டில்தான் எல்லாம் இருக்கிறது. அதனோடு தொட்டியின் நீர்மட்டம் பார்க்கும் சென்சார், மோட்டாரைப் போடும் ரிலே, நமக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு 4ஜி டாங்கிள்.

உங்கள் வீட்டு கேமரா ரெக்கார்டர், வைஃபை ரூட்டர், டிவி செட்டாப் பாக்ஸ் எல்லாம் இதே சாதிதான். ஒரே வேலைக்கென்று பெட்டிக்குள் அடக்கி வைத்த கம்ப்யூட்டர். அதனால் நான் சொல்லப்போவது மோட்டார் பெட்டிக்கு மட்டும் பொருந்துவதல்ல.

இந்தப் பெட்டி எப்படி எழுகிறது? நம் ஊர் வீட்டை வைத்தே சொல்லிவிடலாம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று நேர்கோட்டில் கதவுகள். ஒவ்வொரு கதவின் சாவியும் அதற்கு முந்தின கட்டில் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பைத் திறந்தால்தான் வளவுச் சாவி கிடைக்கும். வளவைத் திறந்தால்தான் இரண்டாங்கட்டுச் சாவி. எந்தக் கதவையும் தாண்டிக் குதிக்க முடியாது.

பெட்டிக்கு முகப்பு, மின்சாரம். சரியான அளவில், நிலையாக வர வேண்டும். வளவு, சிப்பிலேயே பொறித்துக் கொடுத்திருக்கும் ஒரு சின்னக் குறிப்பு. அது மெமரி கார்டைத் தேடிப்போய், அங்கிருக்கும் துவக்கக் கோப்புகளைப் படிக்கச் சொல்லும். இரண்டாங்கட்டு, அந்தத் துவக்கக் கோப்புகள். அவை கெர்னல் என்ற முக்கியப் புரோகிராமை எழுப்பும். அடுப்படி, கெர்னல் எழுந்து கார்டில் உள்ள மற்றக் கோப்புகளையெல்லாம் திறந்து வைத்துக்கொள்வது. பின்வாசல், நம் தம்பி எழுதிய மோட்டார் புரோகிராம்.

பெட்டி எழவில்லை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது ஏதோ ஒரு கதவில் நின்றுகொண்டிருக்கிறது. எந்தக் கதவு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்களின் பேரன் பேத்திகள் நாம். பேரேடு சரிவரவில்லை என்றால் பெட்டியடிப் பையனின் சட்டைப் பையைத் தடவியா கணக்கைச் சரி செய்தார்கள்? ஐந்தொகை எந்தத் தேதி வரை நேராக இருந்தது என்று பின்னால் போய்ப் பார்ப்பார்கள். நேராக இருந்த கடைசித் தேதியைப் பிடித்துவிட்டால், அதற்கு மறுநாளில்தான் பிழை இருக்கும். பெட்டிக்கும் அதேதான். கடைசியாகச் சரியாக நடந்த படி எது?

வியாழன் சாயங்காலம் மோட்டார் அறைக்குப் போனேன். போகும்போது வீட்டுச் சின்ன டிவியையும் தூக்கிக்கொண்டு போனேன், பெட்டியோடு இணைத்துப் பார்க்க. அண்ணனையும் கூப்பிட்டேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் உள்ள வரலைங்க. வந்தா அதுக்கும் ஒண்ணு சொல்வாங்க" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த போர்டில் இரண்டு விளக்குகள் உண்டு. சிவப்பு, மின்சாரம் சரியாக வருகிறது என்பதற்கு. பச்சை, மெமரி கார்டைப் படிக்கிறது என்பதற்கு. சிவப்பு விளக்குக்கு ஒரு குணம் இருக்கிறது. வர வேண்டியது 5 வோல்ட். அது ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு அணைந்துவிடும். அன்று நான் பார்த்தபோது சிவப்பு நிலையாக எரியவில்லை. விட்டு விட்டு எரிந்தது. பச்சை இரண்டு மூன்று முறை துடித்து நின்றது. மறுபடி முதலிலிருந்து அதே கதை.

போர்டு செத்திருந்தால் இதுகூட நடக்காது. பெட்டி எழுந்திருக்கப் பார்க்கிறது, முகப்பிலேயே தடுக்கி விழுகிறது என்று அந்த விளக்கே சொல்லிவிட்டது.

அடுத்து எல்லாவற்றையும் கழற்றினேன். டாங்கிள், ரிலே, சென்சார் எல்லாம் வெளியே. கார்டும் அடாப்டரும் மட்டும். இப்போது சிவப்பு நிலையாக எரிந்தது. பச்சை தொடர்ந்து துடித்தது. ஆக, சுமை குறைந்தால் தாங்குகிறது. சுமை ஏறினால் விழுகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எதுவும் மாட்டாமல் 5.1 வோல்ட். டாங்கிளை மாட்டியதும் 4.5க்கு இறங்கியது. அது சிக்னல் தேடும்போது கூடுதல் கரண்ட் இழுக்கும். அடாப்டரால் கொடுக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை? காரணம் இரண்டு. இந்த போர்டுக்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். முதலில் வைத்தது அதுதான். இடையில் ஒருமுறை பழுதானபோது யாரோ ஒரு போன் சார்ஜரை மாட்டி, ஒல்லியான நீள வயரைப் போட்டிருக்கிறோம். வயர் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். வயரின் தடை 0.2 ஓம் இருந்தாலே, 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட்டை வயரே தின்றுவிடும். இரண்டாவது காரணம், வெயில். அடாப்டருக்குள் மின்தேக்கிகள் இருக்கும், சின்ன டப்பா மாதிரி. அதற்குள் ஈரமான ரசாயனம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல உலரும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்று தொழிலில் ஒரு கணக்கு வைத்திருப்போம். நம் மோட்டார் அறையின் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசியில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு சங்கதி. அந்த மின்தேக்கிக்குள் நடப்பதும், கடிகாரத்தில் போடும் பொத்தான் பேட்டரிக்குள் நடப்பதும், கார்டின் முனையில் களிம்பு ஏறுவதும் எல்லாம் மின்வேதியியல்தான். அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட சிக்ரி. பேட்டரியும் துருவும் அவர்களுடைய அன்றாட வேலை. அந்த ஊரில் இருந்துகொண்டு, ஓர் அடாப்டர் வெயிலில் உலர்ந்ததற்கு ஒரு மனிதரைக் குற்றம் சொன்னோம்.

நல்ல அடாப்டராக, தடித்த வயரோடு ஒன்றை வாங்கிப் போட்டேன். முகப்பு திறந்துவிட்டது. ஆனால் பெட்டி இன்னும் எழவில்லை.

இங்கேதான் பலர் மனம் விட்டுவிடுவார்கள். "அடாப்டரும் மாத்தியாச்சு, அப்படியும் எழலை, அப்ப போர்டுதான்" என்பார்கள். அப்படியல்ல. முன்னால் நின்ற இடம் வேறு, இப்போது நிற்கும் இடம் வேறு. டிவியில் முதலில் வானவில் நிறத்தில் ஒரு சதுரம் வந்தது. பிறகு வரிசையாக எழுத்துகள் ஓடின. ஓடி, கோப்புகளைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி நின்றது. அதாவது மூன்று கதவு தாண்டி, அடுப்படி வாசலில் நிற்கிறது. இந்த வரிசைப் பெட்டிகளில் பச்சை விளக்கேகூட எங்கே நிற்கிறது என்று சொல்லும். நான்கு முறை மின்னி நின்று, மறுபடி நான்கு முறை மின்னினால் துவக்கக் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு முறை என்றால் கெர்னல் கிடைக்கவில்லை. பச்சை துடிக்கவே இல்லை என்றால் கார்டையே படிக்க முடியவில்லை. அப்போது கார்டைக் கழற்றி, முனையைத் துடைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கார்டைக் கழற்றினேன். பெங்களூர்த் தம்பியைப் போனில் கூப்பிட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "அங்கிள், எதையும் சரி பண்றதுக்கு முன்னாடி கார்டை அப்படியே ஒரு காப்பி எடுத்துடுங்க." இதை எல்லோரும் மனதில் வையுங்கள். ரிப்பேர் செய்யப்போய் இருப்பதையும் அழித்தவர்கள் அநேகம். காப்பி எடுத்த பிறகு, லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் கார்டைச் செருகி, கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனதால் கோப்பு அட்டவணை குலைந்திருந்தது. பெரும்பாலானவை சரியாயின.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. கார்டு ஏறக்குறைய நிரம்பியிருந்தது. நொடிக்கு ஒரு வரி வீதம் நீர்மட்டத்தை எழுதி வைக்கும்படி புரோகிராம். இரண்டு வருஷத்தில் ஆறு கோடிக்கு மேற்பட்ட வரிகள். யாரும் படிக்காத வரிகள். நொடிக்கு நொடி எழுதிக்கொண்டே இருந்தால், கரண்ட் எப்போது போனாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் போகும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. நாசா அனுப்பிய ஸ்பிரிட் என்ற ஊர்தி 2004 ஜனவரி 4 அன்று செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. ஜனவரி 21 அன்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. பிறகு தெரிந்தது, அதன் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப எழுந்து விழுந்துகொண்டிருக்கிறது, அறுபது தடவைக்கு மேல். இரவில் தூங்காமல் பேட்டரியையும் தீர்த்துக்கொண்டிருந்தது. காரணம், அதன் சேமிப்பு நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன. எழும்போதெல்லாம் அவற்றைத் திறக்கப் பார்க்கும், இடம் போதாது, விழும். பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? அந்த நினைவகத்தைத் தொடாமலே எழுந்திரு என்று கட்டளை அனுப்பினார்கள். எழுந்தது. பிறகு வேண்டாத கோப்புகளை அழித்தார்கள். 90 செவ்வாய் நாள்களுக்கென்று அனுப்பிய அந்த ஊர்தி 2010 மார்ச் வரை பேசியது.

அவர்கள் கோடிக்கணக்கான மைல் தூரத்திலிருந்து செய்ததும், நான் டாங்கிளையும் ரிலேயையும் கழற்றியதும் ஒரே வேலைதான். எதை விட்டால் எழுகிறது என்று பார். எழுந்துவிட்டால், விட்டதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது.

இப்போது நான் இந்தக் கூட்டத்தில் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். கார்டின் காப்பியில் பெட்டி தானே எழுதிக்கொள்ளும் குறிப்பும் இருந்தது. அதில் "மின்னழுத்தம் குறைகிறது" என்ற எச்சரிக்கை ஒரு மாதத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது. முதலில் நாளுக்கு ஒன்று இரண்டு. கடைசி வாரத்தில் மணிக்கு மணி. பெட்டி ஒரு மாதமாக முறையிட்டிருக்கிறது, நாம் யாரும் பார்க்கவில்லை. கடைசி வரி எழுதப்பட்ட நேரம் செவ்வாய் நள்ளிரவு தாண்டி 1.52. அந்த நேரத்தில் மோட்டார் அறை பூட்டியிருந்தது. சாவி செயலாளர் வீட்டில் இருந்தது. அண்ணன் தன் வீட்டில் இருந்தார்.

யாரும் வயரைப் பிடுங்கவில்லை.

இதை வெள்ளிக்கிழமையே நான் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்பு. ஏனென்றால் வெள்ளி இரவு மறுபடி கரண்ட் போனது. ஒரு மணிக்குப் போய் நாலு மணிக்கு வந்தது. பெட்டி அழகாக எழுந்தது. ஆனால் ஐந்து மணிக்கு ஏற வேண்டிய தண்ணீர் எட்டு மணிக்குத்தான் ஏறியது. சனிக்கிழமை காலை அண்ணனுக்கு மறுபடி போன் போயிருக்கிறது: "இப்ப என்ன பண்ணுனீங்க?"

அவர் ஒன்றும் பண்ணவில்லை. இந்த போர்டில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும். எழுந்ததும் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், இன்டர்நெட் கிடைத்ததும் சரிசெய்துகொள்ளும். அன்று டவரும் வேலை செய்யவில்லை. மூன்று மணி நேரம் தூங்கியது அதற்குத் தெரியவில்லை. நாலு மணியை ஒரு மணி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டிஎஸ்3231 என்று ஒரு சின்னக் கடிகாரச் சில்லு விற்கிறது. அதை ஒரு பொத்தான் பேட்டரியோடு மாட்டினோம். இப்போது கரண்ட் போனாலும் நேரம் ஓடும்.

ஆக மூன்று பழுது. மின்சாரம், நினைவு, நேரம். அடாப்டர், புதுக் கார்டு, கடிகாரச் சில்லு மூன்றும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. போர்டு பழையதுதான், நன்றாக ஓடுகிறது. நொடிக்கு ஒரு வரி என்பதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரியாகத் தம்பி மாற்றிக் கொடுத்தார். பழைய வரிகள் தானே அழியும்படியும் செய்தார். எல்லாம் ஏற்றிய இன்னொரு கார்டு, பிளாஸ்டிக் டப்பாவில், பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பெட்டியைக் கூரையிலிருந்து இறக்கி நிழல் சுவரில் மாட்டியாயிற்று.

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இனிச் சொல்கிறேன். நம் நகரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேமராவில்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்கள். ஒருநாள் கேமரா தெரியவில்லை என்றால் உடனே வீட்டைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டு, "யாரு ஆஃப் பண்ணினது?" என்று கேட்காதீர்கள். இந்த வரிசையில் கேளுங்கள்.

வீட்டில் கரண்ட் இருக்கிறதா, அந்த பிளக்கில் வேறொன்றைச் செருகினால் ஓடுகிறதா? பெட்டியில் விளக்கு எரிகிறதா? நிலையாகவா, விட்டு விட்டா? விட்டு விட்டு எரிந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். கேமரா ரெக்கார்டருக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர். மாற்றும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. முனையின் பிளஸ், மைனஸும் ஒத்திருக்க வேண்டும்.

அடாப்டர் நன்றாக இருந்தும் எழவில்லையா? கரண்டை நிறுத்திவிட்டு, தெரிந்தவரை வைத்து உள்ளேயிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றி, மறுபடி போடச் சொல்லுங்கள். டிஸ்க் இல்லாமல் எழுந்தால் போர்டு நலம். பழுது டிஸ்க்கில், அல்லது டிஸ்க்கின் சுமையைத் தாங்காத அடாப்டரில். எழுந்து படமும் வருகிறது, ஆனால் தேதி மட்டும் பல வருஷம் பின்னால் இருக்கிறதா? பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது சில்லறைக் காசு வேலை. ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டால், ஒருநாள் திருட்டுப் போய் ரெக்கார்டிங்கைத் தேடும்போது அந்தத் தேதியில் ஒன்றும் இருக்காது. அப்போதும் யாரோ அழித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வோம்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் அடாப்டருக்கு இந்தப் பக்கம் உள்ள 5 வோல்ட், 12 வோல்ட் வேலை. அடாப்டரை உடைத்துத் திறக்காதீர்கள். மோட்டார் வயர் வரும் பக்கம் கை வைக்காதீர்கள். அதற்கு எலெக்ட்ரீஷியன் வரட்டும்.

சங்கத்துக்கு இரண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, மோட்டார் அறையில் ஒரு நோட்டு. பெட்டி நின்றால் என்றைக்கு, எத்தனை மணிக்கு, விளக்கு எப்படி எரிந்தது, என்ன மாற்றினோம், யார் மாற்றினார்கள் என்று எழுத வேண்டும். அன்று போன் சார்ஜரை மாட்டியவர் அதை ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அது நானாகக்கூட இருக்கலாம். எழுதி வைக்காததால் யாருக்கும் நினைவில்லை.

இரண்டாவது, பெட்டி மூன்று நாள் படுத்திருந்தபோது ஒரு வீட்டுக்கும் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டவர் அண்ணன். அவரைச் சந்தேகப்பட்ட அந்த மூன்று நாளும் இரு வேளை வந்தார். பெட்டி வந்ததால் அவர் வேண்டாம் என்று நினைத்தோம். பெட்டி இருந்தாலும், வாரத்துக்கு இரண்டு தடவை அந்த இரண்டு விளக்கையும் பார்த்து நோட்டில் எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை அவருக்கே கொடுத்து, குறைத்த சம்பளத்தைத் திரும்பக் கூட்டித் தர வேண்டும் என்று முறைப்படி முன்மொழிகிறேன். விளக்குகள் என்ன சொல்லும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். "சிவப்பு கண்ணு சிமிட்டுனா சாப்பாடு பத்தலை, பச்சை சிமிட்டாட்டி படிக்கலை, அவ்வளவுதானங்க?" என்றார். நான் இவ்வளவு நேரம் பேசியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அண்ணே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அன்று மாலை வாசலில் நடந்த பேச்சில் நானும் தலையாட்டினேன். எட்டுப் பேர் முன்னால் செய்த தப்புக்கு இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. மன்னித்துக்கொள்ளுங்கள்.